இரண்டாம் மாடிக் கழிவறையில் கண்டெடுக்கப்பட்ட சொல்

பினாயில்காரருக்கு ஊரில் எதிரி என்று யாரும் கிடையாது. எதிரி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு நேரம் இருந்ததில்லை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, மூன்று நீல டிரம், நீளமான ஒரு மரத்துடுப்பு, முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிய மனைவி. அவருடைய தொழிற்சாலை அவ்வளவுதான். எண்ணெய்க் கரைசலைத் தண்ணீரில் ஊற்றித் துழாவினால் தண்ணீர் பால்போல வெளுத்துவிடும். அதை ஐந்து லிட்டர் கேன்களில் நிரப்பி, 'வெள்ளி பினாயில்' என்று லேபிள் ஒட்டி, ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோய்ப் போடுவார். முதல் டிரம்மை ஒரு வெள்ளிக்கிழமை கலக்கியதால் அந்தப் பெயர். வியாழக்கிழமை கலக்கியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கோர்ட் சேவகர் கொட்டகைக்கு வந்து, கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, பதினான்கு பக்க உத்தரவைக் கொடுத்தார். பல்பொடியிலிருந்து பூட்டுவரை சகலத்தையும் விற்கும் ஒரு பெரிய கம்பெனி, 'வெள்ளிநிலா' என்ற பெயரைப் பினாயிலுக்குப் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆகவே பினாயில்காரர், அவர் மனைவி, வேலையாட்கள், முகவர்கள், வாரிசுகள், இனி வாரிசாகக் கூடியவர்கள் யாவரும், வழக்கு முடியும்வரை 'வெள்ளி' என்ற சொல்லையோ, அதுபோல் ஒலிக்கும் சொல்லையோ, அதை நினைவூட்டும் சொல்லையோ பினாயில் சம்பந்தமாக எந்த விதத்திலும் பயன்படுத்தக் கூடாது.

"எந்த விதத்திலும்னா என்னங்க?" என்று மனைவி கேட்டாள்.

பினாயில்காரருக்கும் தெரியவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த வக்கீலிடம் போனார். வக்கீல் நல்லவர். ஆனால் நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டாலே நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

"எந்த விதத்திலும்னா எந்த விதத்திலும்தான். பில்லுல தேதி போடுவீங்கல்ல? கிழமை போடாதீங்க."

"போட்டே ஆகணும்னா சார்?"

"வியாழனுக்கு மறுநாள்னு போடுங்க."

பினாயில்காரர் சிரித்தார். வக்கீல் சிரிக்கவில்லை. பினாயில்காரரும் நிறுத்திக்கொண்டார்.

உத்தரவு என்று வந்தால் தட்டாமல் செய்கிற மனிதர் அவர். கணவனும் மனைவியும் மூன்று நாள் உட்கார்ந்து, இருப்பில் இருந்த அத்தனை கேன்களையும் வெந்நீரில் ஊறவைத்து லேபிளைச் சுரண்டினார்கள். மனைவிக்கு இரண்டு நகம் பெயர்ந்தது. கொட்டகை வாசலில் இருந்த பலகைக்குக் கறுப்புச் சாயம் அடித்தார்கள். அப்புறம் பினாயில்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நேரில் போய், இனிமேல் சரக்குக்குப் பெயர் இல்லை என்று சொன்னார். ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "வாசனை அதேதானே? வச்சிட்டுப் போங்க" என்றாள். அந்த அம்மாளுக்குப் பெயரில் அக்கறை இல்லை, தரையில்தான் அக்கறை.

ஒரே ஒரு வாடிக்கையாளரிடம்தான் சிக்கல் வந்தது. அந்த வாடிக்கையாளர், நீதிமன்றம்.

பினாயில்காரர் அந்த நீதிமன்றத்துக்கு ஆறு வருடமாகப் பினாயில் சப்ளை செய்துவந்தார். அடித்தளத்தில் ஸ்டோர்ஸ் பிரிவு. அதன் கண்காணிப்பாளர், பினாயில்காரர் கொண்டுபோன இருபது கேன்களில் ஒன்றைத் தூக்கி, நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டர்போல நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பேர் எங்க?"

"பேர் இல்லீங்க சார். கோர்ட்டு எடுக்கச் சொல்லிடுச்சு."

"எந்தக் கோர்ட்டு?"

"இந்தக் கோர்ட்டுதான் சார். மேல, ரெண்டாவது மாடி."

பதினான்கு பக்கத்தையும் நீட்டினார். கண்காணிப்பாளர் கடைசிப் பக்கத்து முத்திரையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நீதிப் பக்கம். நான் நிர்வாகப் பக்கம். ரெண்டு பக்கமும் பேசிக்கிறதில்ல."

"ஒரே கட்டடம்தானே சார்?"

"புருஷன் பொண்டாட்டிகூட ஒரே வீட்லதான் இருக்காங்க. எல்லாத்தையும் பேசிக்கிறாங்களா?" கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாருங்க. ஒப்பந்தத்துல 'வெள்ளி பினாயில்'னு இருக்கு. நீங்க கொண்டுவந்தது வெறும் பினாயில். வெறும் பினாயிலை உள்ள எடுத்தா தணிக்கையில என் தலை உருளும். எடுக்காம விட்டா நாளைக்கு ரெண்டாவது மாடி நாறும். கோர்ட்டு நாறுனா நீதி பரிபாலனத்துக்கு இடைஞ்சல். இடைஞ்சல் பண்ணது யாரு? சப்ளை பண்ணாதவரு."

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். வச்சிட்டுப் போங்க. கோர்ட்டு பார்த்துக்கும்."

பினாயில்காரர் வீட்டுக்குப் போய், கோர்ட்டிலும் நல்ல மனுஷங்க இருக்காங்க என்று மனைவியிடம் சொன்னார். அவர் படியேறிப் போனதும் கண்காணிப்பாளர் இருபது வெள்ளைத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் தம் கையாலேயே 'வெள்ளி பினாயில், நீதிமன்ற உபயோகத்திற்கு மட்டும்' என்று முத்துமுத்தாக எழுதி, நீதிமன்றத்தின் வட்ட முத்திரையைக் குத்தி, கேன்களில் ஒட்டவைத்தார். பதிவேட்டில் இருக்கும் பெயரும் பொருளின் மேல் இருக்கும் பெயரும் ஒன்றாக இருப்பதுதான் நேர்மை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவர் மேல் ஒரு கறை கிடையாது.

இதற்கிடையில் கம்பெனி ஒரு துப்பறிவாளரை நியமித்திருந்தது. அவர் மூன்று வாரம் ஊரெல்லாம் அலைந்தார். ஆஸ்பத்திரிகளில் நோயாளிபோல உட்கார்ந்தார். பள்ளிக்கூடங்களில் பிள்ளையைச் சேர்க்க வந்தவர்போல நின்றார். எங்கேயும் அந்தச் சொல் அகப்படவில்லை. உத்தரவு அப்படியே மதிக்கப்படுகிறது என்று அறிக்கை எழுதி, அதைத் தாக்கல் செய்ய நீதிமன்றத்துக்கு வந்தவர், வந்த இடத்தில் அவசரமாக இரண்டாம் மாடிக் கழிவறைக்குப் போனார். வெளியே வந்ததும் அறிக்கையைக் கிழித்துப் போட்டார்.

நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் அடுத்த வாரம் வந்தது.

"கேன் எங்க அகப்பட்டுச்சாம்?" என்று மனைவி கேட்டாள்.

"கோர்ட்டு பாத்ரூம்ல."

மனைவி ரப்பர் உறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள். நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில் பெண்கள் கழிவறைக்குள் போய் மூலையில் இருந்த கேனைப் பார்த்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள். அங்கிருந்து நேராக ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஏறினாள். பினாயில்காரர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்தப் பேர எழுதினது நாங்க இல்ல. கோர்ட்டேதான் எழுதி ஒட்டியிருக்கு. முத்திரைகூட இருக்கு. போய்ச் சொன்னா முடிஞ்சுது."

வக்கீல் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"அம்மா, இத வெளிய சொல்லிடாதீங்க. இப்ப நடக்கிறது சாதா அவமதிப்பு. கோர்ட்டே தப்பு பண்ணிச்சுன்னு சொன்னீங்கன்னா அது பெரிய அவமதிப்பு. இதுல மன்னிப்பு கேட்டா விட்டுடுவாங்க. அதுல கேக்கவே விடமாட்டாங்க."

"பண்ணாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு?" என்றார் பினாயில்காரர்.

"பண்ணினவன் கேக்கிறதுக்குப் பேரு பயம். பண்ணாதவன் கேட்டாதான் அது கோர்ட்டுக்கு மரியாதை." வக்கீல் தாளை எடுத்தார். "நிபந்தனையற்ற மன்னிப்புன்னு எழுதணும். நிபந்தனையற்றதுன்னா காரணம் இருக்கக் கூடாது, விளக்கம் இருக்கக் கூடாது, 'ஆனால்'ங்கிற வார்த்தையே வரக் கூடாது."

"அந்தப் பேர எழுதலாமா?"

வக்கீல் பேனாவைக் கன்னத்தில் வைத்து வெகுநேரம் யோசித்தார். எழுதினால் தடை உத்தரவை மீறியதாகும். எழுதாவிட்டால் எதற்கு மன்னிப்பு என்று விளங்காது. கடைசியில் 'மேற்படி சொல்' என்று போட்டார். மேலே எந்தப் படியிலும் அந்தச் சொல் இல்லை. பினாயில்காரர் அதைக் காட்டியபோது, "அதெல்லாம் பார்க்க மாட்டாங்க" என்றார்.

பார்த்தார்கள்.

விசாரணையை ஒரு வெள்ளிக்கிழமைக்குப் போட்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் காலை பத்து மணிக்கே போய் உட்கார்ந்தார்கள். பினாயில்காரர் காலை மடித்து உட்கார்ந்ததற்கு ஒரு காவலர் அதட்டினார். மனைவி தண்ணீர் குடித்ததற்கு இன்னொருவர் அதட்டினார். பினாயில்காரர் எழுந்து நின்றார். நிற்கக் கூடாது என்றார்கள். உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து நீதிபதி உள்ளே வந்துவிட்டார். நிற்காததற்காக மறுபடி அதட்டினார்கள்.

கம்பெனிக்காக ஒரு மூத்த வக்கீல் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஐந்து இளைய வக்கீல்கள். அதில் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டு, ஐந்து லிட்டர் கேனைப் பச்சைக் குழந்தைபோல ஏந்தி வந்து மேசைமேல் வைத்தார்.

"கனம் நீதிபதி அவர்களே," என்று மூத்த வக்கீல் தொடங்கினார். "இந்தச் சொல்லை என் கட்சிக்காரர் உண்டாக்கவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. இது ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்கள் வாயில் புழங்குகிற சொல். ஆனால் இத்தனை ஆயிரம் வருடத்தில் அதற்காக ஒருவராவது படிவம் பூர்த்தி செய்தார்களா? என் கட்சிக்காரர் செய்தார். மூன்று பிரதிகளில் செய்தார். படிவம் பூர்த்தி செய்யாத மக்கள் ஒரு சொல்லுக்குச் சொந்தம் கொண்டாடினால், நாளைக்குக் காற்றுக்கும் கொண்டாடுவார்கள்."

நீதிபதி குறித்துக்கொண்டார். "பொருள் எங்கே கைப்பற்றப்பட்டது?"

மூத்த வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "மிகுந்த கண்ணியத்துக்குரிய ஒரு கட்டடத்தில்."

"எந்தக் கட்டடம்?"

"இந்தக் கட்டடம். இரண்டாம் மாடி. கனம் நீதிபதி அவர்கள் பயன்படுத்தும் கழிவறைக்கு அடுத்த கழிவறை."

நீதிபதி பேனாவை வைத்தார். கேனை முன்னால் கொண்டுவரச் சொல்லி, மூடியைத் திறக்கச் சொல்லி, மோந்து பார்த்தார். ஆறு வருடமாகத் தினமும் மோந்த வாசனை.

"தெருவில் விற்றிருந்தால் அது மக்களை ஏமாற்றியது," என்றார் நீதிபதி. "கொண்டுவந்து என் பக்கத்திலேயே வைத்தது என்னை ஏமாற்றியது. முந்தையது சாதாரணம். இந்த நீதிமன்றத்தின் மாண்பு மலைபோன்றது. எவராலும் அசைக்க முடியாது. ஆகவே அதை யார் தொட்டாலும் நாம் உடனே தண்டித்தாக வேண்டும்."

அப்போது மனைவி எழுந்துவிட்டாள். வக்கீல் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் தட்டிவிட்டாள்.

"ஐயா, அந்தச் சீட்டைப் படிச்சுப் பாருங்க. அது எங்க எழுத்து இல்ல. உங்க ஸ்டோர்ஸ்ல எழுதி ஒட்டினது. உங்க முத்திரையே குத்தியிருக்கு."

நீதிபதி சீட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஸ்டோர்ஸ் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் பதிவேட்டோடு வந்து நின்றார்.

"இதை எழுதியது நீரா?"

"ஆமாங்கய்யா."

"ஏன் எழுதினீர்?"

"பதிவேட்டில் அப்படி இருக்குதுங்கய்யா. பதிவேட்டில் இல்லாததை எழுதினால்தான் தப்பு. இருபத்தெட்டு வருஷமா நான் எதையும் யோசிச்சு எழுதினது கிடையாதுங்கய்யா."

நீதிபதியின் முகம் தெளிந்தது. "கண்காணிப்பாளர் கடமையைச் செய்திருக்கிறார்," என்று சொல்லித் தட்டச்சரைப் பார்த்து, உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். "நீதிமன்ற முத்திரை குத்திய எந்த வாசகமும் உண்மை என்றே சட்டம் அனுமானிக்கிறது. முத்திரை, இது 'வெள்ளி பினாயில்' என்கிறது. ஆகவே இது 'வெள்ளி பினாயில்'தான். அதைக் கொண்டுவந்து தந்தவர் எதிர்மனுதாரர் என்பதை அவரே மறுக்கவில்லை. ஆகவே தடை உத்தரவு மீறப்பட்டது நிரூபணமாகிறது."

அப்புறம் மன்னிப்புப் பத்திரத்தை எடுத்தார். "இதில் 'மேற்படி சொல்' என்று இருக்கிறதே. மேலே ஒரு சொல்லும் காணோம். எந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்கிறீர்?"

கூண்டில் ஏற்றப்பட்டிருந்த பினாயில்காரர் அதன் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னால் இத்தனை பேர் முன்னால், நீதிமன்றத்துக்குள்ளேயே, பினாயில் சம்பந்தமாக அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதாகிவிடும். திரும்பி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதக்கட்டுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"வாயைத் திறந்து சொல்லும்!"

"வியாழனுக்கு மறுநாள்ங்கய்யா."

பின்வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். நீதிபதி சிவந்துபோனார். மன்னிப்பு உள்ளத்திலிருந்து வரவில்லை என்றும், எதிர்மனுதாரர் திறந்த நீதிமன்றத்தில் கேலி பேசினார் என்றும் பதிவு செய்து, ஏழு நாள் சிறை என்றார். மூத்த வக்கீல் குனிந்து வணங்கினார். பினாயில்காரரின் வக்கீலும், பழக்கதோஷத்தில், குனிந்து வணங்கினார்.

மனைவி மட்டும் நின்றபடி இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் அந்த இடத்தில் காட்டியிருக்கவும் மாட்டாள்.

சிறையில் பக்கத்துப் பாயில் இருந்த பூட்டுடைப்பவன், "என்ன பண்ணிட்டு வந்தீங்கண்ணே?" என்று கேட்டான். "வெளிய சொல்லக் கூடாதுப்பா" என்றார் பினாயில்காரர். அவன் பயந்துபோய்ப் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அந்த அறையில் எல்லாரும் அவருக்குத் தட்டு கழுவித் தந்தார்கள். நான்காம் நாள் மதியம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவர் தாம் கீழ்ப்படிந்த ஒவ்வொன்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தார். கை துடைக்கச் சொன்னார்கள், துடைத்தார். பெயரை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், போனார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்டார். சொல்லச் சொன்னார்கள், அதையும் ஒருவாறு சொன்னார். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அவருக்குக் கோபம் வந்தது. அது எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாததால், ஜீரணக் கோளாறு என்று நினைத்து அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். மறுநாளும் அது போகவில்லை.

நீதிமன்றத்துக்கு அந்த வாரச் சப்ளை வரவில்லை. ஸ்டோர்ஸ் பிரிவு உடனே மனைவிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியது. ஒப்பந்தப்படி பினாயில் தராமல் நீதி பரிபாலனத்துக்கு இடையூறு செய்வதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? மனைவி, பதினான்கு பக்க உத்தரவின் மூன்றாம் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, 'அவர் மனைவி' என்று இருந்த இடத்தில் அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்பினாள். ஒரு வரிகூட எழுதவில்லை.

கண்காணிப்பாளர் அந்தப் பெரிய கம்பெனிக்கே எழுதினார். பதில் மரியாதையாக வந்தது. தங்கள் நிறுவனம் பினாயிலுக்குப் பெயரை மட்டுமே பதிவு செய்திருக்கிறது, பினாயில் தயாரிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, பெயர் பத்திரமாக இருப்பதற்காக நீதிமன்றத்துக்கு என்றும் நன்றியுடையது. வேறு பினாயில் வாங்கலாம் என்றால் பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்ய ஒப்பந்தக்காரரின் கையெழுத்து வேண்டும். ஒப்பந்தக்காரர் சிறையில் இருந்தார். கண்காணிப்பாளர் கோப்பைக் கட்டி, மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் கீழே அனுப்பினார்கள்.

எட்டாம் நாள், இரண்டாம் மாடியில் மூக்கைப் பிடிக்காமல் யாரும் நடக்க முடியவில்லை. வக்கீல்கள் வாதங்களைச் சுருக்கினார்கள். சாட்சிகள் கேட்காமலேயே உண்மையைச் சொல்லிவிட்டு ஓடினார்கள். கழிவறைகளைப் பூட்டி, முத்திரை வைத்தார்கள்.

அதே எட்டாம் நாள் காலையில் பினாயில்காரர் வெளியே வந்திருந்தார். வீட்டுக்குப் போய்க் குளித்தார், டிரம்மைக் கலக்கினார், இரண்டு கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். மனைவி, "இன்னிக்கு ஒரு நாளாவது படுத்துத் தூங்கக் கூடாதாங்க?" என்றாள். "ஏழு நாள் தூங்கிட்டேன்" என்றார்.

நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் ஒற்றைக் கதவுக் கழிவறை. டீக்கடைக்காரர் பினாயில்காரரிடம் சரக்கு வாங்கி அதைப் பளிங்குபோல வைத்திருப்பார். மதிய இடைவேளையில் அங்கே வரிசை சந்துவரை நீண்டிருந்தது. தட்டச்சர், காவலர்கள், மூத்த வக்கீல், அவருக்குப் பின்னால் ஐந்து இளைய வக்கீல்கள். பினாயில்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், தரையைக் கழுவிவிட்டு, துடைப்பத்தோடு வெளியே வந்தபோது, அங்கியைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நீதிபதி சந்துக்குள் வந்தார்.

பழக்கத்தில் எல்லாரும் விலகி வழி விட்டார்கள். நீதிபதி வரிசையைத் தாண்டிக் கதவருகே வந்து மூச்சை இழுத்தார். அவர் முகத்தில் ஒரு வாரத்தில் காணாத நிம்மதி தெரிந்தது. கூண்டுக்கு வெளியே நிற்கும் பினாயில்காரரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நல்லாக் கழுவியிருக்கியேப்பா. இது என்ன பினாயில்? பேரைச் சொல்லு, எங்க கோர்ட்டுக்கும் வாங்கச் சொல்றேன்."

பினாயில்காரர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். ஈரக்கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"பேரைச் சொன்னா உள்ள போட்டுடுறாங்கய்யா," என்றார். "வரிசையில போய் நில்லுங்க."

நீதிபதி அவரை உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அவருடைய அவசரம் அவருடைய மாண்பைவிடப் பெரிதாக இருந்தது. திரும்பி நடந்தார். வரிசையில் பதினோரு பேர் இருந்தார்கள். கடைசியில் போய் நின்றார்.